கதையே இல்லாத படத்தை ஏன் பார்க்கணும்? ஒரு டயரும் ஒரு வாட்ச்மேனும் சொல்லும் பதில்

வெயில் கொளுத்தும் பாலைவனம். மண் ரோட்டில் அங்கங்கே நாற்காலிகள் நிற்கின்றன. தூரத்திலிருந்து ஒரு கார் வருகிறது. வளைந்து வளைந்து போய், ஒவ்வொரு நாற்காலியாக இடித்துத் தள்ளிவிட்டு நிற்கிறது. டிக்கியைத் திறந்துகொண்டு ஒரு போலீஸ்காரர் இறங்குகிறார். கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு நம்மைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறார். பெரிய பெரிய படங்களில்கூட எத்தனையோ விஷயங்களுக்குக் காரணமே கிடையாது, நீங்கள் பார்க்கப்போகும் படம் அந்தக் 'காரணமின்மைக்கு' ஒரு மரியாதை என்கிறார். பேசி முடித்ததும் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, திரும்பவும் டிக்கிக்குள் ஏறிப் படுத்துக்கொள்கிறார். கார் போய்விடுகிறது.

அடுத்து, மண்ணுக்குள் கிடந்த ஒரு பழைய டயர் தானாக எழுந்து உருள ஆரம்பிக்கிறது. அதிர்ந்து அதிர்ந்தே எதையும் வெடிக்க வைக்கும் சக்தி தனக்கு இருப்பதைக் கண்டுபிடிக்கிறது. முதலில் பாட்டில், பிறகு முயல், அப்புறம் மனிதர்களின் தலை.

இதுதான் 2010-ல் வந்த 'ரப்பர்'. இயக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த குவென்டின் டுபியூ. 'மிஸ்டர் வாசோ' என்ற பெயரில் எலெக்ட்ரானிக் இசைக் கலைஞராகவும் அறியப்பட்டவர்.

இந்த மாதிரிப் படத்தை யாராவது ஒரு நண்பர் "மச்சி, கண்டிப்பா பாரு" என்று அனுப்பியிருப்பார். சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து பார்த்திருப்போம். முடிந்ததும் இரண்டில் ஒன்றுதான் தோன்றும். 'செம, இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை.' அல்லது, 'என்னய்யா இது, ஒன்றரை மணி நேரம் போச்சே!'

இரண்டுமே நியாயமான ரியாக்‌ஷன்தான். கதையே இல்லாத, லாஜிக்கை வேண்டுமென்றே உடைக்கிற இந்தச் சின்ன பட்ஜெட் படங்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். அதே அளவுக்குக் கடுப்பானவர்களும் இருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கு இதில்? எந்த இடத்தில் இது வேலைக்கு ஆகாமல் போகிறது?

'அப்சர்ட்' படம் என்றால் என்ன?

முதலில் ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மெதுவாக நகரும் படம், கதை இல்லாத படம், அப்சர்ட் படம் மூன்றும் ஒன்று கிடையாது.

வழக்கமான படத்தில் ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும். அதற்குத் தடை வரும். கடைசியில் அது கிடைக்கும், அல்லது கிடைக்காது. கதை இல்லாத படத்தில் அந்த 'வேண்டும்' என்பது ரொம்ப பலவீனமாக இருக்கும். யாரும் எதையும் பெரிதாகத் துரத்த மாட்டார்கள். அப்சர்ட் படம் இன்னும் ஒரு படி மேலே போகும். அதில் காரணமும் விளைவும் ஒன்றோடொன்று ஒட்டாது. டயர் கொலை செய்யும். அதைவிட முக்கியம், படத்துக்குள் இருப்பவர்கள் அதை ஏதோ தினசரி நடப்பது போல எடுத்துக்கொள்வார்கள்.

இதன் வேர் சினிமாவில் இல்லை, தத்துவத்திலும் நாடகத்திலும் இருக்கிறது. மனிதன் அர்த்தத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறான், உலகமோ பதில் சொல்வதில்லை. இந்த முரண்தான் அபத்தம் என்று 1942-ல் எழுதினார் ஆல்பர் காம்யு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அந்த உணர்வு மேடைக்கு வந்தது. 1953-ல் பாரிஸில் அரங்கேறிய சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் இரண்டு பேர் ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் வருவதே இல்லை. நாடகம் அவ்வளவுதான். 1960-ல் மார்ட்டின் எஸ்லின் என்ற விமர்சகர் இந்த வகை நாடகங்களுக்கு 'அபத்த அரங்கம்' என்று பெயர் வைத்தார்.

போரையும் வதைமுகாம்களையும் பார்த்த தலைமுறைக்கு, 'எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கு' என்ற வாக்கியமே பொய்யாகத் தெரிந்தது. அந்த அவநம்பிக்கையிலிருந்து வந்த வடிவம் இது. சும்மா வித்தியாசமாக ஏதாவது பண்ணலாம் என்று வந்ததல்ல.

யாரோ பார்க்கிறார்கள், அதனால் படம் ஓடுகிறது

'ரப்பர்' படத்துக்குத் திரும்புவோம். அதில் டயரைவிட விநோதமான ஒரு விஷயம் இருக்கிறது. அதே பாலைவனத்தில் ஒரு கூட்டம் கையில் பைனாகுலரோடு நின்றுகொண்டு, டயர் செய்வதை எல்லாம் 'படமாக' பார்க்கிறது. அவர்கள்தான் ஆடியன்ஸ். நம்மைப் போலவே கமென்ட் அடிக்கிறார்கள், போரடிக்குது என்கிறார்கள், பசிக்குது என்கிறார்கள்.

அவர்களைத் தீர்த்துக்கட்டினால் படத்தை முடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்பது திட்டம். சாப்பாட்டில் விஷம் வைக்கப்படுகிறது. கூட்டம் செத்து விழுகிறது. போலீஸ்காரரும் தன் ஆட்களிடம், "போதும், எல்லாம் நடிப்புதான், கிளம்புங்க" என்ற தொனியில் பேச ஆரம்பித்துவிடுகிறார். ஆனால் ஒரு சிக்கல். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு ஆள் மட்டும் அந்தச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு வழியில்லை, படத்தைத் தொடர்ந்தாக வேண்டும்.

படம் முழுக்க ஒரே ஒரு விதிதான். யாரோ ஒருவர் பார்க்கும்வரை இது ஓடும். 'காரணமே கிடையாது' என்று ஆரம்பித்த படம், உண்மையில் ரொம்பக் கறாரான ஒரு விதியில் நடக்கிறது. நல்ல அப்சர்ட் படங்களின் ரகசியமே இதுதான். கதையைத் தூக்கிய இடத்தில் வேறொன்றை வைத்திருப்பார்கள். அது ஒரு விதியாக இருக்கலாம், ஒரு உணர்வாக இருக்கலாம், ஒரு கேள்வியாக இருக்கலாம். அந்த இடம் காலியாக இருந்தால் மட்டும்தான் நமக்குக் கடுப்பாகும்.

பார்ப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

முதல் விஷயம், யூகிப்பதிலிருந்து விடுதலை. ஓடிடி பார்த்துப் பார்த்து நமக்கு எல்லாமே அத்துப்படி. பத்து நிமிடத்தில் வில்லன் யாரென்று சொல்லிவிடுவோம். மீதி நேரம் நம் யூகம் சரியா என்று சரிபார்ப்பதுதான். கதை இல்லாத படத்தில் அந்த வேலை இல்லை. அடுத்து என்ன என்பது போய், இப்போது என்ன என்பது வருகிறது. ஒரு முகம், ஒரு தயக்கம், இரண்டு வசனத்துக்கு நடுவில் இருக்கும் மௌனம் எல்லாம் கண்ணில் படும்.

இரண்டாவது, நம் வாழ்க்கையையே அதில் பார்ப்பது. இதற்கு ஸ்வீடன் இயக்குநர் ராய் ஆண்டர்சனைச் சொல்லலாம். 2014-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய அவரது 'எ பிஜன் சாட் ஆன் எ பிராஞ்ச் ரிஃப்லெக்டிங் ஆன் எக்ஸிஸ்டென்ஸ்' படத்தில் கதை என்று ஒன்று கிடையாது. ஒன்றுக்கொன்று லேசாகத் தொடர்புள்ள காட்சிகள் மட்டும்தான். கேமரா அசையவே அசையாது.

அதில் இரண்டு சேல்ஸ்மேன்கள் வருகிறார்கள். விற்பது டிராகுலா பல், அழுத்தினால் சிரிக்கும் பை, ஒற்றைப் பல் முகமூடி. மக்களைச் சிரிக்க வைப்பதுதான் தங்கள் தொழில் என்று சொல்லும் இருவரின் முகத்திலும் துளி சிரிப்பு இல்லை. சரக்கு போகவில்லை, வர வேண்டிய பணமும் வரவில்லை. டார்கெட், மீட்டிங், 'டீம் ஃபன் ஆக்டிவிட்டி' என்று ஓடிக்கொண்டிருக்கும் யாருக்கும் அந்த முகத்தை அடையாளம் தெரியும்.

அதே படத்தில் பலரும் போனில் ஒரே மாதிரி வாக்கியத்தைச் சொல்கிறார்கள். நீங்கள் நலமாக இருப்பதைக் கேட்டதில் மகிழ்ச்சி என்பது அதன் சாரம். ஒரு காட்சியில் ஆய்வகப் பெண் ஒருவர் ஜன்னலோரம் நின்று அதைச் சொல்கிறார். பக்கத்தில் ஒரு குரங்கு கட்டிவைக்கப்பட்டு மின் அதிர்ச்சியில் துடித்துக்கொண்டிருக்கிறது. அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதை ஒரு 'மெசேஜ்' படம் பத்து நிமிட வசனமாகச் சொல்லியிருக்கும். இங்கே ஒரே ஷாட்.

கையில் காசு இல்லை, கைவசம் ஐடியா இருக்கு

மூன்றாவது காரணம், எடுப்பவர்கள் பக்கம் இருப்பது. கதை பெரிதானால் செலவும் பெரிதாகும். இடம் மாறணும், ஆட்கள் வேண்டும், நாட்கள் வேண்டும். சின்ன பட்ஜெட்காரர்கள் பலர் அந்தக் குறையையே வடிவமாக மாற்றிக்கொண்டார்கள்.

அமெரிக்க இண்டி சினிமாவின் அடையாளமான ஜிம் ஜார்முஷின் 'ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்' நல்ல உதாரணம். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் தன் படத்தில் மிச்சமான ஃபிலிமைக் கொடுக்க, அதில் ஒரு குறும்படமாக ஆரம்பித்தது இது. ஒவ்வொரு காட்சியும் ஒரே ஷாட், நடுவில் சில நொடிகள் கறுப்புத் திரை. மூன்று பேர் நியூயார்க்கிலிருந்து கிளீவ்லாண்டுக்கும், பிறகு ஃபுளோரிடாவுக்கும் போகிறார்கள். ஆசையாக ஏரி பார்க்கப் போனால் ஒரே பனி, ஏரியே தெரியவில்லை. வெள்ளையான ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எங்கே போனாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கே என்ற அந்த ஏமாற்றம்தான் படம். 1984 கான் விழாவில் சிறந்த அறிமுகப் படத்துக்கான 'கேமரா டி'ஓர்' விருது இதற்குத்தான் கிடைத்தது.

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'ஸ்லாக்கர்' வெறும் 23,000 டாலரில் எடுக்கப்பட்டது. ஆஸ்டின் நகரத்தில் ஒருவரைப் பின்தொடரும் கேமரா, அவர் எதிரில் வருபவரைப் பார்த்ததும் அவர் பின்னால் போய்விடும். அப்படியே ஒரு நாள் முழுக்க. 'ரப்பர்' படமும் போட்டோ எடுக்கும் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவில் எடுக்கப்பட்டதுதான்.

இதை வைத்து 'அப்போ இது ஈஸி' என்று நினைத்துவிட வேண்டாம். ராய் ஆண்டர்சன் விளம்பரப் படங்கள் எடுத்துச் சம்பாதித்து, ஸ்டாக்ஹோமில் சொந்த ஸ்டுடியோ வைத்து, தெருக்களையே உள்ளே செட் போட்டு எடுப்பவர். 2000-ல் வந்த 'சாங்ஸ் ஃபிரம் த செகண்ட் ஃப்ளோர்' படத்தை முடிக்க அவருக்குச் சுமார் நான்கு ஆண்டுகள் ஆயின. திரையில் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரிவதற்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு இருக்கிறது.

வாட்ச்மேன் எழுந்து நிற்கிறார்

சரி, இப்போது மறுபக்கம். அதையும் டுபியூவிடமே கேட்கலாம். 'ரப்பர்' வந்து 13 ஆண்டுகள் கழித்து, 2023-ல் அவர் எடுத்த படம் 'யானிக்'.

பாரிஸில் ஒரு சின்ன அரங்கம். மேடையில் ஒரு சுமாரான நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடியன்ஸில் இருந்து ஒரு இளைஞன் எழுந்து நிற்கிறான். பெயர் யானிக், ஒரு பார்க்கிங்கில் நைட் வாட்ச்மேன். அவன் கேட்பது இதுதான்: நான் லீவு போட்டு, ரயில் பிடிச்சு, நடந்து வந்திருக்கேன். மனசு லேசாகணும்னு வந்தேன். உங்க நாடகம் என்னை இன்னும் சோர்வாக்குதே, இதுக்கு யார் பொறுப்பு?

நடிகர்கள் அவனைக் கிண்டலடிக்கிறார்கள். அவன் துப்பாக்கியை எடுக்கிறான். ஒரு லேப்டாப் கேட்டு வாங்கி, தட்டுத்தடுமாறி டைப் செய்து, தானே ஒரு நாடகம் எழுதி அவர்களை நடிக்க வைக்கிறான்.

அவன் துப்பாக்கி எடுத்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவன் கேட்ட கேள்வியை அவ்வளவு ஈஸியாகத் தள்ளிவிடவும் முடியாது. வாரத்தில் ஆறு நாள் வேலை பார்ப்பவருக்கு ஒரு மாலை நேரம் என்பது பெரிய சொத்து. அதை வாங்கிக்கொண்டு படம் என்ன திருப்பித் தருகிறது? 'ரப்பர்' படத்தில் பார்வையாளரை விஷம் வைத்துக் கொன்ற அதே இயக்குநர், இங்கே பார்வையாளரின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். 'யானிக்' படத்தின் நீளம் 67 நிமிடம்தான் என்பதையும் கவனிக்கணும்.

எங்கே தோற்கிறது?

அந்த 67 நிமிடம்தான் முதல் வரம்பைச் சொல்கிறது. விநோதம் சீக்கிரம் பழகிவிடும். முதல் தலை வெடிக்கும்போது திடுக்கிடுவோம். ஐந்தாவது தலைக்குக் கை போனைத் தேடும். 'ரப்பர்' படத்திலேயே நடுவில் அந்தத் தொய்வு இருக்கிறது. கதை இருந்தால் அதுவே நம்மை இழுத்துக்கொண்டு போகும். அது இல்லாதபோது ஒவ்வொரு காட்சியும் தன் சொந்தக் காலில் நிற்கணும்.

இரண்டாவது, 'புரியலைன்னா உன் தப்பு' என்ற கேடயம். குழப்பமாக எடுத்துவிட்டு அதை ஆழம் என்று விற்பது இந்த வகையில் ரொம்பச் சுலபம். பார்ப்பவரும் தனக்கு ரசனை இல்லையோ என்று பயந்து தலையாட்டிவிடுவார். உண்மையில் நல்ல அப்சர்ட் படங்கள் புரியாமல் இருப்பதில்லை. டிராகுலா பல் விற்கும் சேல்ஸ்மேனின் சோகத்தைப் புரிந்துகொள்ள யாருக்கும் டிகிரி வேண்டாம்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். உலகத்தில் பல விஷயங்களுக்குக் காரணம் இருக்கிறது. வறுமைக்குக் காரணம் இருக்கிறது, போருக்கு இருக்கிறது, சாதிக்கு இருக்கிறது. அங்கே போய் 'எல்லாமே அபத்தம், எதற்கும் அர்த்தமில்லை' என்று தோளைக் குலுக்கினால், அது தத்துவம் இல்லை, நழுவல். லாபம் அடைந்தவர்களுக்கு அது வசதியாகவும் போய்விடும்.

ஆண்டர்சன் இந்தக் கோட்டை எப்படித் தாண்டாமல் இருக்கிறார் என்று பாருங்கள். அதே 'பிஜன்' படத்தின் கடைசிப் பகுதியில், காலனிய கால ராணுவ வீரர்கள் கறுப்பின மக்களைச் சங்கிலியோடு ஒரு பிரமாண்ட செம்பு உருளைக்குள் ஏற்றுகிறார்கள். அடியில் தீ மூட்டுகிறார்கள். உருளை சுழலச் சுழல உள்ளே இருக்கும் அலறல் இசையாக வெளியே வருகிறது. எதிரே மாளிகையின் கதவு திறக்கிறது. வயதான பணக்காரர்கள் கையில் மதுக்கோப்பையோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்படி ஒரு இயந்திரம் எங்கும் இருந்ததில்லை. ஆனால் அது யாருடைய வலி, யாருடைய இன்பம் என்பதில் குழப்பமே இல்லை. இங்கே அபத்தம் காரணத்தை மறைக்கவில்லை, காரணத்தின் மேல் டார்ச் அடிக்கிறது.

நம்ம பக்கம் என்ன நடக்குது?

இந்த வகையின் சிறந்த உதாரணங்களில் ஒன்று பழனி பக்கத்துக் கிராமத்தில் எடுக்கப்பட்டது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய 'நண்பகல் நேரத்து மயக்கம்'. வேளாங்கண்ணி போய்விட்டு பஸ்ஸில் கேரளம் திரும்பும் கூட்டத்தில் ஜேம்ஸ் என்பவர் மம்மூட்டி. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறார். இறங்கி, முன்பின் தெரியாத தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு காணாமல்போன சுந்தரம் என்பவரின் வீட்டுக்குள், சுந்தரமாகவே நுழைகிறார். தமிழ் பேசுகிறார், மாட்டைக் கவனிக்கிறார். ஏன் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை.

ஆனால் காணாமல்போனவரின் மனைவிக்கு அந்தக் குரல் என்ன செய்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். லாஜிக் இல்லாத சம்பவம், லாஜிக் தேவைப்படாத துக்கம். 2022 கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த படம் இது. கதை இல்லாத படம் என்றாலே ஆடியன்ஸ் ஓடிவிடுவார்கள் என்பது அவ்வளவு உண்மையில்லை.

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' வேறு வகை. அது அப்சர்ட் இல்லை, யதார்த்தம். சூரியும் அன்னா பென்னும் நடித்த அந்தப் படத்தில், வேறு சாதிப் பையனை விரும்பும் பெண்ணுக்குப் 'பேய் பிடித்திருக்கிறது' என்று குடும்பமே சேர்ந்து சாமியாரிடம் கூட்டிப்போகிறது. பின்னணி இசை கிடையாது, கதை என்று பார்த்தால் அந்தப் பயணம் மட்டும்தான். பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, 2024 ஆகஸ்ட் 23 அன்று தியேட்டருக்கு வந்தபோது, 'கிளைமாக்ஸே இல்லையே' என்ற குரல் பலமாகக் கேட்டது. இது தியேட்டருக்கு வரவேண்டிய படமா என்று திரைத்துறைக்குள்ளேயே விவாதம் நடந்தது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. முடிவை நம் கையில் கொடுப்பதுதான் அந்தப் படத்தின் கேள்வியே. அதே சமயம் வழக்கமான கமர்ஷியல் படம் என்று நினைத்து, குடும்பத்தோடு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் செலவு செய்து வந்தவர் ஏமாந்ததில் அவர் தப்பு என்ன இருக்கு? எந்த மாதிரிப் படம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தக் கோபத்தில் பாதி வந்திருக்காது.

அப்போ எப்படிப் பார்ப்பது?

அடுத்த முறை இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், 'கதை என்ன?' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்குப் பதில் மூன்று கேள்விகள். கதை இருந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள்? படம் தனக்குப் போட்டுக்கொண்ட விதியைக் கடைசிவரை மதிக்கிறதா? அதில் வரும் மனிதர்களுக்கு வலித்தால் நமக்கும் வலிக்கிறதா?

அரை மணி நேரம் கொடுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் தாராளமாக ஆஃப் பண்ணிவிட்டுத் தூங்கலாம். அது ரசனைக் குறைவு இல்லை.

'ரப்பர்' படத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அந்த ஆள் ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் போனபின்னும் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவர் சும்மா பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் நேராகப் படத்துக்குள்ளேயே வந்து, 'என்ன இப்படி இழுக்குறீங்க?' என்று சண்டை போடுகிறார். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. நமக்கும்தான்.